மேலவை மறுத்தது, எழுத்தர் நிறுவினர்!

ஏழைக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்பது உலகில் மிகப் பழைய பொய்களுள் ஒன்று. அவன் கையில் காசு தங்காது. தங்கினாலும் அவனுக்குக் கணக்கு வராது. கணக்கு வந்தாலும் நாணயம் இராது. ஆகவே அவன் காசைப் பெரியவர்கள் வைத்துக் காக்க வேண்டும். அவனுக்குத் தேவை வரும்போது அவன் காசையே அவனுக்கு வட்டிக்குக் கொடுக்க வேண்டும்! இதுதான் அப்பொய்யின் முழு உருவம். இதனைச் சொன்னவன் வட்டிக்காரன். இதற்கு மெருகிட்டு மேடையேற்றியவன் பெருவைப்பக முதலாளி. இதனைத் தன் வாயாலேயே தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருப்பவன் அந்த ஏழை! கொடுமையிலெல்லாம் கொடுமை இதுவே.

இப்பொய்யைப் பொய்யென்று மெய்ப்பித்துக் காட்டியோர் படைதிரட்டிய மறவரும் அல்லர். கருவூலம் நிறைந்த மன்னரும் அல்லர். கனடா நாட்டின் தலைநகராகிய ஒட்டாவாவில், அரசு அலுவலகங்களில், தூவலும் மைக்கூடுமாகக் குனிந்து அமர்ந்திருந்த எழுத்தர்களும் அவர்களையொத்த பணியாளர்களுமே அவர்கள். 1908-இல் அவர்கள் தமக்குள் ஒரு சேமிப்புக் கடன் கழகம் அமைத்தனர். அரசுப் பணியாளர் சேமிப்புக் கடன் கழகம் என்பது அதன் பெயரின் பொருள். கியூபெக்கு மாநிலத்திற்கு வெளியே கனடாவில் எழுந்த முதல் கடன் கூட்டுறவுக் கழகம் அதுவே. பணியிடத்தில் பிறந்து, பின்னர் ஊர்மக்கள் அனைவருக்கும் கதவு திறந்த அக்கழகத்தின் தொடக்க வரலாற்றை அறிந்தார் நம்மிடையே அரியர். அறியாமைக்குக் கரணியம் உண்டு. மன்னர் கதைகள் எழுதப்பெறும். எழுத்தர் கதைகளை எவன் எழுதுவான்?

நூற்றைம்பதுக்கு ஐயாயிரம்!

அக்கழகத்தின் விதை ஒட்டாவாவின் நாடாளுமன்றத்திலேயே விழுந்தது. 1897 ஏப்பிரலில் மக்களவையில் கடுவட்டியைப் பற்றிய சொற்போர் நிகழ்ந்தது. மொந்திரியால் நகரின் உறுப்பினர் மைக்கேல் குயின் என்பார் எழுந்து ஒரு வழக்கை எடுத்துரைத்தார். நூற்றைம்பது தாலர் கடன் வாங்கிய ஒருவன் ஐயாயிரம் தாலர் வட்டி கட்டும்படி ஆக்கப்பட்டான் என்பதே அவ்வழக்கு. அவையில் இருந்தோர் கேட்டனர், வியந்தனர், வீட்டுக்குச் சென்றனர். ஒருவர் மட்டும் உறங்கவில்லை. அவர் உறுப்பினர் அல்லர். அவையின் பிரெஞ்சு மொழி உரைகளைப் பதிவு செய்யும் சுருக்கெழுத்தாளர். பெயர் அல்போன்சு தெசார்தேன். கியூபெக்கைச் சேர்ந்த இலெவி என்னும் சிற்றூர்ப்பகுதியில் 1854-இல் பிறந்தவர்.

பிறர் பேச்சை எழுதுவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், பேசினோர் எவரும் செய்யாததைச் செய்யப் புகுந்தார். இலண்டனில் என்றி உல்ப் என்பார் எழுதிய மக்கள் வைப்பகங்களைப் பற்றிய நூலைத் தேடிப் படித்தார். அவருக்கு மடல் எழுதினார். செருமனியில் இரைபைசனும் சூல்சும், இத்தாலியில் உலுசாத்தியும் அமைத்த கடன் கழகங்களின் நடைமுறைகளை ஆய்ந்தார். மூன்றாண்டுக்கு மேல் இவ்வாய்வு நடந்தது. நம்மிடையே ஒரு கூட்டம் உண்டு. காலையில் எண்ணம் தோன்றினால் மாலையில் கழகம் தொடங்கிவிடும். மறுகிழமை அதன் தலைவர் எவர் என்பதில் வழக்கு மன்றம் ஏறும். அக்கூட்டம் இம்மூன்றாண்டுப் பொறுமையை எண்ணிப் பார்க்கட்டும்.

அவர் எந்த அமைப்பையும் அப்படியே பெயர்த்து நடவில்லை என்பதும் எண்ணத்தக்கது. செருமனியில் உறுப்பினர் ஒவ்வொருவரும் கழகத்தின் கடன் முழுமைக்கும் தம் உடைமையால் பொறுப்பேற்க வேண்டும் என்னும் முறை இருந்தது. அதனைத் தம் மக்கள் ஏற்கார் என்று உணர்ந்து, பொறுப்பைப் பங்கின் அளவோடு நிறுத்தினார். பங்கோ ஐந்து தாலர். அதனையும் ஒரே முறையில் கட்ட வேண்டியதில்லை; கிழமைக்குப் பத்துச் செண்டாகக் கட்டலாம். ஆளுக்கு ஒரு வாக்கு; நூறு பங்கு உடையவனுக்கும் ஒரு வாக்குத்தான். கடன் உறுப்பினர்க்கு மட்டுமே. கேட்பவன் எதற்குக் கேட்கிறான், அவன் நாணயம் எத்தகையது என்பவற்றை அவனை அறிந்தவர்களே ஆய்ந்து முடிவு செய்வர். மண்ணும் பொன்னும் அல்ல, மாந்தனின் நடத்தையே ஈடு!

இல்லமே கருவூலம்

1900 திசம்பர் 6-ஆம் நாள் இலெவியில் முதல் மக்கள் கருவூலம் நிறுவப்பெற்றது. 1901 சனவரி 23-இல் பணம் பெறத் தொடங்கினர். அந்நாளில் முதலில் வந்து விழுந்த தொகை பத்துச் செண்டு! நாள் முழுவதும் சேர்ந்தது இருபத்தாறு தாலர் நாற்பது செண்டு! நகைத்தவர் உண்டு. சிறு துளி பெரு வெள்ளம் என்பதை வாயால் சொல்வதும், முதல் துளியைக் கண்டு நகையாதிருப்பதும் வேறு வேறு.

கழகத்திற்குக் கட்டடம் இல்லை. தெசார்தேன் இல்லமே முதலில் அலுவலகம். ஊதியம் பெறும் அலுவலர் இல்லை. சட்டக் காப்பும் இல்லை. கழகம் முறிந்தால் மக்கள் தம் பணத்தைத் தெசார்தேனிடமே கேட்பர். அவருடைய இல்லமும் போகும். நாடாளுமன்றம் கூடும் திங்கள்களில் அவர் ஒட்டாவாவில் இருக்க வேண்டும். அப்போதெல்லாம் கணக்கை எழுதியவர், பணத்தைப் பெற்றவர், கடன் கேட்டு வந்தவர்க்கு விடை சொன்னவர் அவர்தம் மனைவி தோரிமேன் அம்மையார். பத்து மக்களைப் பெற்ற தாய் அவர். 1932 வரை வாழ்ந்த அவ்வம்மையாரின் பெயரை நெடுங்காலம் வரலாற்றின் அடிக்குறிப்பில்கூட எழுதாமல் விட்டனர். எந்த இயக்கத்தின் வரலாற்றிலும் தூணைப் பாடுவர், கடைக்காலைப் பாடார். தமிழ் இயக்கங்களின் வீடுகளிலும் இத்தகைய அம்மையார் உண்டு என்பதை உள்ளங்கையில் நெஞ்சை வைத்து ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்க!

இன்னொன்றையும் இங்குச் சுட்டியாக வேண்டும். அக்கருவூலம் மக்களின் தாய்மொழியில் நடந்தது. பங்குச் சீட்டும், கணக்கேடும், பொதுக்கூட்டமும் அவர்கள் வீட்டில் பேசிய பிரெஞ்சிலேயே இருந்தன. பெரு வணிகத்தின் தலைமை ஆங்கிலத்தில் நடந்த நாட்டில் இது சிறு செய்தியன்று. கூலிக்காரன் தன் கணக்கைத் தானே படித்தான். படிக்கத் தெரியாதவன் தன் மொழியில் கேட்டுத் தெரிந்தான். ஐயம் எழுந்தபோது எழுந்து நின்று தன் மொழியில் வினவினான். பொருளியல் தாய்மொழிக்கு அடங்காது என்று இன்றும் சிலர் பிதற்றுகின்றனர். அடங்காதது பொருளியல் அன்று. பிறர் அறியாமையில் பிழைக்கும் அவர்கள் பிழைப்புத்தான்! ஒருவனுக்கு விளங்காத மொழியில் அவனிடம் கையெழுத்து வாங்குவது வட்டிக்காரனின் முதல் கருவி. அக்கருவியை முறித்தால் பாதி வட்டி முறிந்தது போலாம்.

ஒரே ஒரு வாக்கு

1906 மார்ச்சில் கியூபெக்குச் சட்டமன்றம் கூட்டுறவுக் கழகங்களுக்கான சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டம் மாநில எல்லையோடு நின்றது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று தெசார்தேன் முயன்றார். மக்களவை உறுப்பினர் மாங்கு என்பார் முன்மொழிந்தார். ஆய்வுக்குழு அமைந்தது. நாட்டின் ஆளுநர் தலைவராயிருந்த கோமான் கிரேயே குழுவின் முன் வந்து கூட்டுறவுக்குச் சான்று பகர்ந்தார். 1908 மார்ச்சில் மக்களவை எதிர்ப்பின்றி ஏற்றது.

பின்னர் அது மேலவைக்குச் சென்றது. சில்லறை வணிகர் சங்கத்தார் விழித்துக் கொண்டனர். உழைப்போர் கூடிப் பொருள் வாங்கத் தொடங்கினால் தம் கடை என்னாவது என்னும் அச்சம் அவர்களுக்கு. மேலவையில் அவர்கள் குரல் ஏறியது. இப்பொருள் மாநிலங்களின் உரிமைக்கு உட்பட்டது என்று கரணியம் கூறி, 1908 சூலையில் மேலவை அச்சட்ட வரைவை வீழ்த்தியது. எத்தனை வாக்கு வேறுபாட்டில்? ஒன்று! ஒரே ஒரு வாக்கு!

மாநில உரிமை உயர்ந்த கொள்கை. அதனை நாம் மறுப்போம் அல்லோம். ஆயினும் உயர்ந்த கொள்கையின் நிழலில் எவன் வந்து ஒதுங்குகிறான் என்று பார்க்கும் கண்ணும் நமக்கு வேண்டும். மாநில உரிமைக்காகவே அவ்வணிகர் அழுதனர் என்றால், பின்னர் ஒவ்வொரு மாநிலத்திலும் அவர்களே முன்னின்று கூட்டுறவுச் சட்டம் கேட்டிருக்க வேண்டும் அன்றோ? ஒட்டாவா அமைந்துள்ள ஒண்டாரியோ மாநிலத்தில் கடன் ஒன்றியச் சட்டம் என்னும் பெயரால் ஒரு சட்டம் வந்தது 1940-இல்! நடுவண் அரசு கடன் கூட்டுறவுக்குச் சட்டம் இயற்றியதோ 1953-இல்! நாற்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைமுறை கடன்பட்டு, மூத்து, மறைந்து போகும் காலம் அது. ஒரு வாக்கின் விலையை இதனால் அறிக.

இனி நகைச்சுவையைக் கேளுங்கள். அதே 1908-இல்தான், அதே ஒட்டாவாவில், அதே அரசின் எழுத்தர்கள் தங்களுக்குக் கழகம் அமைத்தனர். எந்த அரசின் மேலவை இத்தகைய கழகங்களுக்குச் சட்டம் வேண்டா என்றதோ, அவ்வரசின் அலுவலகத்து மேசைகளுக்கு இடையிலேயே அக்கழகம் பிறந்தது! கூரையின்மேல் இருந்தவர் கதவைச் சாத்தினர். கூரையின்கீழ் இருந்தவர் சுவரைத் திறந்தனர்!

எழுத்தனுக்கு ஏன் கடன்?

அரசுப் பணியில் இருப்பவனுக்குக் கடன் ஏன் வந்தது என்று சிலர் வினவலாம். விடை எளிது. விலைவாசி ஏறியது, சம்பளம் ஏறவில்லை. 1907-இல் அரசே அமைத்த ஆய்வுக்குழுவும் பணியாளர் சம்பளம் வாழ்க்கைச் செலவோடு ஈடுகொடுக்கவில்லை என்பதை எடுத்துக் காட்டியது. வெள்ளைச் சட்டைக்குள் வெறும் வயிறு! கூலிக்காரன் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வான். எழுத்தனோ சொல்லவும் நாணுவான். அந்நாணமே வட்டிக்காரனின் முதல். சம்பளக்காரனுக்குக் கடன் தருபவன் எந்நாட்டிலும் கையாளும் முறை ஒன்றுதான்: சம்பள நாள் அவனுக்குத் தெரியும், உடன் பணிபுரிபவனின் கையெழுத்தைப் பிணையாக வாங்கிக் கொள்வான், தவணை தவறினால் மேலலுவலரிடம் சொல்வேன் என்று ஒரு சொல் சொல்வான். அவ்வளவே போதும்.

சட்டம் இல்லையா எனில், இருந்தது. 1906-இல் வந்த பணக்கடன் சட்டம் ஐந்நூறு தாலருக்குக் குறைந்த கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வட்டி கூடாது என்று வரையறுத்தது. ஆயினும் பசித்தவன் வழக்கு மன்றம் போவதில்லை. வேறு கடன் கிடைக்காத இடத்தில் வட்டி வரம்பு வெறும் தாள். கடுவட்டியைச் சட்டம் மட்டும் கொல்லாது. மாற்றுக் கடன்தான் கொல்லும். இதனை அவ்வெழுத்தர்கள் உணர்ந்தனர். நாடாளுமன்றத்தில் தம்மோடு பணிசெய்த தெசார்தேனின் வழியைத் தழுவினர்.

வட்டிக்காரன் எவற்றைப் பயன்படுத்தினானோ, அவற்றையே அவர்கள் திருப்பிப் பிடித்தனர் என்பதுதான் இவ்வரலாற்றின் சிறப்பு. சம்பள நாள் அவனுக்குத் தெரியும் என்றால் உடன் பணியாளர்க்குத் தெரியாதா? அன்றே ஒரு சிறு தொகையைச் சேமிப்புக்கு ஒதுக்கலாமே! நண்பனின் கையெழுத்து அவனுக்குப் பிணை என்றால், அந்த நட்பு நமக்குப் பிணை ஆகாதா? எவன் குடிக்கிறான், எவன் பிள்ளையின் நோய்க்காகக் கேட்கிறான், எவன் சொன்ன சொல் காப்பான் என்பதைப் பெருவைப்பகம் ஆயிரம் தாள் எழுதி வாங்கினாலும் அறியாது. அடுத்த மேசைக்காரன் அறிவான். அவ்வறிவே கழகத்தின் முதலீடு. மேலலுவலரிடம் சொல்வேன் என்னும் அச்சுறுத்தலும் அங்கே செத்தது. தன் காசும் தன் தோழர் காசும் கலந்த பெட்டியிலிருந்து கடன் பெற்றவன் எவர்க்கும் தலைகுனிய வேண்டுவதில்லை. திருப்பிக் கொடாதிருக்கவும் அவனுக்கு மனம் வராது.

பணியிடத்தில் தோன்றிய கழகம் குறுகிய நோக்கம் உடையது என்பாரும் உளர். தம்மவர்க்கு மட்டும் கதவு திறப்பது பொதுமை ஆகுமா என்பர். விதை நிலத்தில் ஓரிடத்தில்தான் ஊன்றப்பெறும். காற்று வெளியெங்கும் அதனை ஊன்ற முடியாது. ஒருவரையொருவர் அறிந்தார் கூடிய இடத்தில் நம்பிக்கை வேர்விடுகிறது. வேர்விட்ட பின்னரே நிழல் ஊருக்குப் பரவும். ஒட்டாவாக் கழகமும் பிற்காலத்தில் அரசுப் பணியாளர் அல்லாதார்க்கும் திறந்தது.

சென்னையில் எழுந்த சிந்தனை

இக்கதைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. 1890-களில் சென்னை மாகாண அரசு, உழவர் கடன் தீர வழி காணுமாறு பிரெடரிக்கு நிக்கல்சன் என்னும் அலுவலரைப் பணித்தது. அவர் ஐரோப்பியக் கடன் கழகங்களை ஆய்ந்து 1895-லும் 1897-லும் இரு பெரும் தொகுதிகளாக அறிக்கை தந்தார். இரைபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதே அதன் சாரம். தெசார்தேன் இலெவியில் நூல்களைப் புரட்டிய அதே ஆண்டுகள் அவை! 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் கழகச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் உழவர் கடன் கழகமும் காஞ்சியில் நகரக் கழகமும் எழுந்தன.

1907-இல் பாசுடன் நகரப் பெருவணிகர் எட்வர்டு பைலீன் இந்தியாவிற்கு வந்தார்; சிற்றூர்க் கடன் கழகங்களைக் கண்டு வியந்தார். தம் நாட்டுக்கு மீண்டு, உழைப்போர்க்கு அத்தகைய கழகம் அமைக்கத் துணைநின்றார். 1908-இல் தெசார்தேன் எல்லை கடந்து சென்று நியூ ஆம்ப்சயரின் மாஞ்செசுடரில் முதல் கழகம் எழ உதவினார். 1909-இல் மாசாச்சூசெட்சு மாநிலம் சட்டம் இயற்றியபோது அவர் பட்டறிவும் பைலீன் முயற்சியும் ஒன்றாயின. பின்னர் தொழிலகங்களிலும் அஞ்சலகங்களிலும் பணியாளர் கழகங்கள் பல்கின. 1934 சூன் 26-இல் அமெரிக்க நாடு முழுமைக்குமான கடன் ஒன்றியச் சட்டத்தில் உரூசுவெல்ட்டு கையெழுத்திட்டார். நம் மண்ணில் நடந்த ஆய்வும் கலந்த ஓராறு அது. இதனை நம் பாடநூல்கள் கூறுவதில்லை. அயலான் அறிவையெல்லாம் இரவல் பெற்றோம் என்று மட்டும் கற்பித்துக் குனிய வைக்கின்றனர்!

பெயர் போனால்?

தெசார்தேன் 1920 அக்குதோபர் 31-இல் மறைந்தார். அவர் நட்டது இன்று வட அமெரிக்காவின் மிகப்பெரிய கூட்டுறவுப் பண அமைப்புகளுள் ஒன்று. தலைமையகம் இன்றும் அதே இலெவியில். அவர் பெயரும் அதன் நெற்றியில் நிற்கிறது. ஒட்டாவா எழுத்தர்களின் கழகமோ 2005-இல் தொரண்டோவின் மெட்ரோ கழகத்தோடு இணைந்து ஆல்ட்டர்னா என்னும் பெயர் பூண்டது. அப்பெயரில் அரசுப் பணியாளன் இல்லை, கூட்டுறவும் இல்லை. கழகம் வாழ்கிறது, உறுப்பினர் உரிமையும் வாழ்கிறது, அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் கேட்கிறோம்: பத்துச் செண்டும் பத்துச் செண்டுமாகச் சேர்த்தவர் எவர் என்பதை அப்பெயரைக் கேட்கும் இளைஞன் எப்படி அறிவான்?

பெயரில் என்ன இருக்கிறது என்பது பெயரைத் திருடுபவனின் வாதம். பெயரில் பிறப்பு இருக்கிறது. மக்கள் கருவூலம் என்னும் பெயர், இது மக்களுடையது என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொண்டிருக்கும். பொருளற்ற ஒலிப்பெயர் ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லாத பெயரின் பின்னால் நாளை எவனும் வந்து அமரலாம். உறுப்பினன் வாடிக்கையாளன் ஆவான், பொதுக்கூட்டம் சடங்காகும், ஆளுக்கு ஒரு வாக்கு என்பது ஏட்டில் இருக்கும், இடுவார் இரார். மேலவையின் ஒரு வாக்கு வெளியிலிருந்து கொன்றது. இடப்படாத ஓராயிரம் வாக்கு உள்ளிருந்து கொல்லும்!

ஆகவே, நம் அலுவலகங்களிலும் தொழிலகங்களிலும் திங்கள்தோறும் சம்பளத்தில் பிடித்தம் செய்து கொண்டு, பணியாளர் கடன் கழகத்தின் பொதுக்கூட்டத்திற்கு ஒருநாளும் போகாதிருக்கும் நண்பரே! உம் கழகத்தின் கணக்கு எம்மொழியில் எழுதப்பெறுகிறது என்று பாரும். விளங்காவிடில் தமிழில் கேளும். நிறுவியவர் எவர் என்று மூத்தோரிடம் வினவி எழுதி வையும். அடுத்த கூட்டத்திற்குப் போய் உம் ஒரு வாக்கை இடும். ஒரு வாக்கு நாற்பத்தைந்து ஆண்டுகளை அழிக்க வல்லது என்றால், ஒரு வாக்கு அவற்றைக் காக்கவும் வல்லதே!